சலானில் யார் கையெழுத்து?

கேள்வி: நான் சேலத்துக்காரி, வயது 24. கோவையில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கு (ஆடை வாங்கும் நிறுவனத்துக்கு) மெயில், சாம்பிள், ஷேடு அப்ரூவல் (துணி நிறத்துக்கு ஒப்புதல்) என்றே நாள் போய்விடுகிறது. எனக்கு ஃபேஷன் விளம்பர ஷூட்களில் வேலை செய்யத்தான் ஆசை. கல்லூரி சீனியர் ஒருவர் மூலம் சென்னையில் ஒரு ஸ்டைலிஸ்ட் (ஷூட்டுக்கு உடை, நகை தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்) தன்னிடம் உதவியாளராக வரச் சொல்லியிருக்கிறார். முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது, அது கற்றுக்கொள்ளும் காலம் என்கிறார். அங்கே உண்மையில் என்ன வேலை இருக்கும்? எனக்கு கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. 'ஷூட்டுன்னா நேரங்காலம் கிடையாது, எல்லாம் ஆம்பளைங்க' என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஒரு நாள் அம்மாவை அழைத்து வந்து காட்டலாமா? இருக்கிற வேலையை விட்டுவிடலாமா அக்கா?

வாசகி, சேலம்

பதில்:

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். செட்டிலும் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதனால் அப்படியே பேசுவோம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். ஷூட் பக்கமே வராதீர்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த ஸ்டைலிஸ்ட் கற்றுக்கொடுக்கப்போகும் வேலையில் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவருகிறீர்கள். உங்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் மூன்று மாதம் சம்பளம் இல்லை என்றதும் யோசித்திருப்பீர்கள்.

எந்த சாம்பிள் எந்தத் தேதியில் போனது, எந்த ஷேடு ஓகே ஆனது, எது திரும்பி வந்தது, அளவு எங்கே அரை அங்குலம் தப்பியது என்றெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் வைத்திருப்பீர்கள். டையிங்காரர், பிரிண்டிங்காரர், டெய்லர் என்று நாலு பேரை போனில் துரத்திக்கொண்டிருப்பீர்கள். ஷூட்டில் உடைப் பிரிவு உதவியாளரின் வேலையும் முக்கால்வாசி இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளக்கும் மாடலும் ஃபேன் காற்றில் பறக்கும் முந்தானையும் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது சரக்கு வேலை. அடுத்தவர் பொருளை எண்ணி வாங்க வேண்டும், கெடாமல் பயன்படுத்த வேண்டும், எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் படம் எடுப்பார்கள்.

அந்த ஸ்டைலிஸ்ட் என்ன மாதிரி ஷூட்கள் செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சென்னை என்பதால் பட்டுப் புடவையும் நகையும் நிறைய இருக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பட்டுக் கடையின் தீபாவளி விளம்பரத்தையே எடுத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கான படங்களை ஜூலை, ஆகஸ்டிலேயே எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பொங்கலுக்கு நவம்பர், டிசம்பர். ஆடித் தள்ளுபடிக்கு மே, ஜூன். அதாவது கத்திரி வெயிலில் ஒரு பெண் கனமான பட்டைக் கட்டிக்கொண்டு, வியர்க்காத முகத்தோடு சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் கையில் குட்டி ஃபேனோடு ஓடுகிற ஆள் நீங்கள்.

முதலில் விளம்பர ஏஜென்சியிலிருந்து லேஅவுட் வரும், அதாவது விளம்பரத்தில் எது எங்கே இருக்கும் என்ற வரைபடம். பலர் அதைப் பார்க்காமலே புடவை எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். ஹோர்டிங் அகலமான படம், அதில் முந்தானை பக்கவாட்டில் விரிய வேண்டும். நாளிதழின் முழுப் பக்கம் உயரமான படம், அதில் தோளிலிருந்து கீழே வழிய வேண்டும். கடையின் பெயரும் தள்ளுபடி வாசகமும் எந்த மூலையில் வரும் என்பதும் லேஅவுட்டில் இருக்கும். புடவையின் அழகான இடம் அந்த மூலையில் போய் விழுந்தால், நெய்தவரின் உழைப்பு முழுக்க '50 சதவீதம் வரை' என்ற எழுத்துக்கு அடியில் போய்விடும்.

அப்புறம் கடைக்குப் போய்ப் புடவை எடுப்பது. ஸ்டைலிஸ்ட்டும் கடை மேலாளரும் நிறம், பார்டர் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு புடவையின் டேக் எண், விலை, நிறம், கோர்வை பார்டரா (தனி நிறத்தில் கோத்து நெய்ததா) இல்லையா என்பதை எழுதி, உடல், பார்டர், முந்தானை மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜரிகை எங்காவது இழுத்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்பதை அங்கேயே, கடைக்காரர் கண் முன்னால் பிரித்துப் பாருங்கள். இருந்தால் டெலிவரி சலானில் (சரக்கைக் கொடுத்ததற்கான சீட்டில்) எழுத வைத்த பிறகுதான் கையெழுத்து. அவசரம் என்பார்கள், வண்டி நிற்கிறது என்பார்கள். நிற்கட்டும். ஷூட் முடிந்து திரும்பிப் போகும்போது கண்ணில் படுகிற இழுப்புக்கு, வரும்போதே இருந்தது என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ரவிக்கையில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். புடவையோடு சேர்ந்தே வரும் ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் அந்தப் புடவையைக் கடைக்காரர் விற்க முடியாது. அதனால் அதைத் தொடக்கூடாது, வெளியில்தான் துணி வாங்க வேண்டும். சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தால் ஒத்த நிறம் கிடைக்கும். போன் படத்தை வைத்து நிறம் பார்க்காதீர்கள். அந்த நிறத்தில் ஒரு நூலோ துணியோ கடையில் கேட்டு வாங்கிப்போங்கள். மாடலின் அளவு ஏஜென்சியிடமிருந்து வரும், அது எப்போது எடுத்த அளவு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பெரியதாக இருந்தால் முதுகில் கிளிப் போட்டு இழுத்துவிடலாம், சிறியதாக இருந்தால் பிரித்துவிடத்தான் அந்தத் துணி உதவும். முன்பக்கம் கச்சிதமாகத் தெரிகிற எத்தனையோ விளம்பர ரவிக்கைகளின் முதுகில் ஒரு வரிசை கிளிப் இருக்கும். படம் பார்ப்பவர் முதுகைப் பார்க்கப்போவதில்லை.

ஷூட்டுக்கு முதல் நாள் ஸ்டீமர் நாள். புதுப் பட்டில் மடிப்புக் கோடு ஆழமாக விழுந்திருக்கும், விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டீமரிலிருந்து தண்ணீர் சொட்டினால் பட்டில் திட்டு விழும். அதனால் முதலில் ஒரு பழைய துணியில் ஊதிப் பார்த்துவிட்டு, உள்பக்கமாக, தள்ளிப் பிடித்து அடியுங்கள். இஸ்திரிப் பெட்டி என்றால் மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான். ஜரிகை மேல் நேரடிச் சூடு வேண்டாம். விற்பனைக்கான புடவையில் ஃபால்ஸ் தைத்திருக்காது, கீழ்க்கொசுவம் அடங்கி உட்காராது. அதனால் புடவை கட்டிவிடுபவர் முதல் நாளே வந்து கொசுவம் பிடித்து, அயர்ன் செய்து, கிளிப் போட்டு வைத்துவிடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கல்லூரியிலும் அந்த விரல்கள் செய்வதைக் கற்றுக்கொடுப்பதில்லை. தரமணி நிஃப்டில் படிக்கவில்லையே என்ற குறை உங்களுக்கு இருந்தால், அது அவர் முன்னால் காணாமல் போய்விடும்.

ஷூட் அன்று கால் டைம் (வரச் சொன்ன நேரம்) காலை ஆறு மணி என்றால் அது மேக்கப்புக்கு. உடைப் பிரிவு அதற்கு முன்னாலேயே வந்து புடவைகளை எடுக்கப்போகும் வரிசையில் தொங்கவிட்டிருக்க வேண்டும். உங்கள் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். என்னுடையதில் எப்போதும் இருப்பவை: மெல்லிய பின், பல அளவில் கிளிப், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், மாஸ்கிங் டேப், ஊசி நூல், கத்தரி, வியர்வை பேட், பழைய துப்பட்டா, சுத்தமான பெட்ஷீட். பின்னைப் பட்டில் நேராகக் குத்தாதீர்கள், ரவிக்கைத் தையலிலோ உள்பாவாடையிலோ பிடிக்கும்படி குத்துங்கள். தோளில் குத்தியே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு சின்னத் துணித்துண்டு வையுங்கள். விலை டேக்கை வெட்டவே கூடாது, உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். கடன் வாங்கிய செருப்பின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் தேயாமல் திரும்பிப் போகும். தலை வழியாகப் போடும் உடை என்றால் மாடல் முகத்தில் துப்பட்டாவைப் போட்டுவிட்டு மாட்டுங்கள். ஃபவுண்டேஷன் பட்ட கழுத்துப்பட்டியைத் துவைத்துக் கொடுக்க நேரமே இருக்காது. பெட்ஷீட், மேக்கப் அறையிலிருந்து செட் வரை தரையில் விரிக்க.

சாப்பாட்டு நேரத்தில் கவனம் சிதறும். மாடல் பாவம், விடிகாலையிலிருந்து பட்டினி, கண் முன்னால் சாம்பார் சாதம். மேலே ஒரு அங்கியைப் போட்டுவிடுங்கள், ஸ்பூன் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்கள் அப்புறம் சாப்பிடலாம். இந்த வேலையில் இருக்கிறவர்கள் சூடான சாப்பாட்டைச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

கேமரா தெரியாது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. கேமராவிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போகும், எடுக்கிற படம் உடனே திரையில் வரும். உங்கள் கண் அந்தத் திரையில் இருக்க வேண்டும். எல்லோரும் மாடலின் முகத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் மட்டும் முகத்தைப் பார்க்காதீர்கள். பார்டர் திரும்பியிருக்கிறதா, உள்பாவாடை எட்டிப் பார்க்கிறதா, பின் மினுங்குகிறதா, போன ஷாட்டில் இடது கையில் இருந்த வளையல் இப்போது எங்கே என்று பாருங்கள். ஒரு விஷயம் மட்டும் போட்டோகிராபரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஃபிரேம் எங்கே முடிகிறது? இடுப்போடு முடிகிற படத்துக்காகக் கீழ்க்கொசுவத்தை இருபது நிமிடம் நீவிக்கொண்டிருக்கும் உதவியாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது.

சரிசெய்யப் போகும்போது மாடலிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள். 'முந்தானையைக் கொஞ்சம் மேலே ஏத்தறேன்' என்று ஒரு வார்த்தை போதும். காலையிலிருந்து பத்துக் கைகள் அந்தப் பெண் மேல் பட்டிருக்கும், சொல்லிவிட்டுத் தொடுகிற கையை அவர் மறக்கமாட்டார். உடை மாற்றுகிற அறையின் கதவும் உங்கள் பொறுப்பு. உள்ளே யாருடைய போனும் வெளியே எடுக்கப்படக்கூடாது. படம் வெளியாகும் முன் நீங்களும் செட்டிலிருந்து எதையும் இன்ஸ்டாகிராமில் போடக்கூடாது.

இனி நிறம். இங்கே நீங்கள் மற்ற உதவியாளர்களைவிட ஒரு படி மேலே நிற்கலாம். திருப்பூரில் லைட் பாக்ஸில் துணியை டி65 விளக்கிலும் (பகல் வெளிச்சம் மாதிரி) டி.எல்.84 விளக்கிலும் (கடை வெளிச்சம் மாதிரி) மாற்றி மாற்றிப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் ஒத்துப்போன ஷேடு இன்னொன்றில் பிரிந்து நிற்கும். செட்டிலும் அதே கதைதான். ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், வெளிச்ச நிறத்தின் அளவில் ஏறக்குறைய 5500 கெல்வினில் இருக்கும், கடையில் வேறு விளக்கு. புடவையையும் வெளியில் வாங்கிய ரவிக்கைத் துணியையும் கடை விளக்கில் ஒத்துப்போகிறது என்று முடிவு செய்துவிட்டு வந்தால், ஃபிளாஷ் அடித்ததும் இரண்டும் இரண்டு ஊராக நிற்கலாம். ஷூட்டுக்கு முன்னாலேயே இரண்டையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் உங்களுக்குத் தானாக வரும். இந்தத் தொழிலில் பலருக்கு அது வருவதில்லை.

பட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்துப் புடவை, நடக்கும்போது நீலமும் பச்சையுமாக மாறி மாறித் தெரியும். ஆனால் படம் அசையாது. நேராக நின்று எடுத்தால் ஏதோ ஒரு நிறம்தான் விழும், வாங்க வருகிறவர் 'விளம்பரத்துல காட்டினது இது இல்லையே' என்பார். முந்தானையில் ஒரு மடிப்பு வெளிச்சத்துக்கு நேராகவும் அடுத்தது சாய்வாகவும் விழும்படி பிடித்துக்கொடுத்தால் இரண்டு நிறமும் ஒரே படத்தில் வரும். இதைப் போட்டோகிராபரிடம் நீங்களாகவே சொல்லலாம், நல்லவர்கள் கேட்பார்கள். மிகப் பொடிக் கட்டம் போட்ட துணிகளில் திரையில் அலை அலையாக ஒரு கோலம் தெரியும். அது துணியின் குற்றம் இல்லை, துணியின் கட்டமும் கேமரா சென்சாரின் கட்டமும் மோதுவதால் வருவது. கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் போய்விடும்.

ஒவ்வொரு லுக்கிலும் (ஒரு முழு உடை அலங்காரம்) முதல் ஃபிரேமில் 24 கட்டமுள்ள வண்ண அட்டையை மாடல் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். மறந்தால் நினைவூட்டுங்கள். படத்தைத் திருத்துகிற ரீடச்சர் பெரும்பாலும் வேறு எங்கோ உட்கார்ந்திருப்பார், புடவையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அந்த அட்டையும் உங்கள் குறிப்பும்தான் அவருக்கு ஆதாரம். குறிப்பில் கடைக்காரர் சொல்கிற பெயரையே எழுதுங்கள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம்.

'பேக்கப்' என்றதும் கைதட்டிவிட்டு எல்லோரும் கிளம்புவார்கள். உங்களுக்கு அப்போதுதான் இரண்டாவது ஷிஃப்ட். முதலில் நகை. தங்க நகை வந்தால் கடை ஊழியரும் காவலரும் கூடவே வருவார்கள். ஒவ்வொன்றாகப் பட்டியலோடு சரிபார்த்து, எடை போட்டு, அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். ராத்திரி நேரமாகிவிட்டது, காலையில் கொடுத்துக்கொள்ளலாம், உன் பையில் வைத்துக்கொள் என்று யார் சொன்னாலும், ஸ்டைலிஸ்ட்டே சொன்னாலும், முடியாது என்று சொல்லுங்கள். ஒரே ஒரு மூக்குத்தியாக இருந்தாலும் சரி. (மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்து நடன நகைக் கடைகளில் வாடகைக்கு எடுத்த கவரிங் செட் என்றால் இவ்வளவு பயம் வேண்டாம். எண்ணிக்கை மட்டும் வேண்டும்.) அப்புறம் புடவைகள். வியர்வை ஈரத்தோடு மடிக்காதீர்கள், காற்றாட விட்டு, வந்த மடிப்பிலேயே மடித்து, டேக் எண்ணைப் பட்டியலில் டிக் அடித்து உறையில் போடுங்கள். மறுநாள் கடைக்குப் போய், வாங்கியபோது செய்தது போலவே பிரித்துக் காட்டி, திரும்பப் பெற்றதாகக் கையெழுத்து வாங்கினால்தான் உங்கள் வேலை முடிந்தது.

இவ்வளவையும் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் சம்பளக் கேள்விதான். ஒரு நாள் ஷூட்டுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று பார்த்தீர்கள் அல்லவா? இதில் சலானில் கையெழுத்துப் போடுவது யார்? பெரும்பாலும் உதவியாளர். லட்ச ரூபாய்ப் புடவைகளுக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்து வருகிறவரை 'கற்றுக்கொள்கிறார்' என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. இப்படிக் கேட்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் சொல்லமாட்டேன். அவர்களும் அப்படித்தான் வந்தார்கள், அதுவே வழக்கம் என்று நினைக்கிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடம் கேட்பது இதுதான். முதல் இரண்டு ஷூட் பேட்டாவும் பயணச் செலவும் மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன், பார்க்கிறேன், சொல்கிற சின்ன வேலைகளைச் செய்கிறேன், ஆனால் எந்தச் சரக்குக்கும் பொறுப்பேற்க மாட்டேன். சலானில் என் கையெழுத்து விழுகிற முதல் நாளிலிருந்து நாள் சம்பளம் வேண்டும். அதுவும் ஷூட் நாளுக்கு மட்டும் இல்லை, புடவை எடுக்கிற நாள், ஸ்டீமர் நாள், திருப்பிக் கொடுக்கிற நாள் எல்லாவற்றுக்கும். எவ்வளவு கேட்பது என்று தெரியாவிட்டால் இப்போதைய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துப் பாருங்கள். 18,000 என்றால் நாளைக்குக் கிட்டத்தட்ட 700 ரூபாய். அதற்குக் கீழே இறங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அதிலேயே இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: புடவை கெட்டுப்போனால் பணம் யார் தருவது? 'உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்' என்று பதில் வந்தால் திருப்பூரிலேயே இருங்கள்.

ஒப்புக்கொண்ட பணம் வருவதும் ஒரு கதைதான். கடையிலிருந்து ஏஜென்சிக்கு, அங்கிருந்து தயாரிப்பாளருக்கோ போட்டோகிராபருக்கோ, அவரிடமிருந்து ஸ்டைலிஸ்ட்டுக்கு, கடைசியில் உங்களுக்கு. தீபாவளிக்குச் செய்த வேலைக்குப் பொங்கலுக்குப் பணம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிற்பாடு தனியாக வேலை எடுக்கும்போது சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குமேல் பாக்கி வைக்கக்கூடாது, வைத்தால் வட்டி கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த ஷூட்டுக்கு அழைப்பு வராது என்பதும் உண்மை. ஆனாலும் பில்லில் உத்யம் எண் இருந்தால் கணக்குப் பிரிவில் உங்கள் தாள் கொஞ்சம் மேலே வரும். தொழில்முறைக் கட்டணமாகத் தரும்போது பெரும்பாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வேலையை விடாமல் எப்படித் தொடங்குவது? உங்களுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. திருப்பூர், கோவைப் பக்கம் பின்னலாடை பிராண்டுகளுக்கான கேட்டலாக் ஷூட் நடக்கிறது. விளம்பர ஷூட்டில் ஒரு நாளைக்கு ஆறேழு லுக் என்றால், கேட்டலாக்கில் ஐம்பதைத் தாண்டும். கவர்ச்சி ஒன்றும் இருக்காது. டி-ஷர்ட் மாட்டு, எடு, கழற்று, அடுத்தது. ஆனால் ஐம்பது உடையை வரிசை தப்பாமல், எண் மாறாமல், சுருக்கமில்லாமல் கேமரா முன் அனுப்பிப் பழகியவருக்கு ஏழு புடவை பெரிய விஷயமே இல்லை. விடுப்பு நாளில், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று ஷூட்டுக்குப் போய்ப் பாருங்கள். பத்து மணி நேரம் நின்ற பிறகும் கடைசி உடையின் காலர் மடங்கியிருப்பது உங்கள் கண்ணில் பட்டு, உறுத்துகிறதா என்று கவனியுங்கள். உறுத்தினால் சென்னைக்கு வாருங்கள். உங்கள் நிறுவனத்தில் ஞாயிறு வேலைக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று நியமன ஆணையை ஒருமுறை படித்துவிடுவதும் நல்லது.

வீட்டுப் பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். லைட் ஆட்கள், மேக்கப், ஹேர் என்று செட்டில் ஆண்கள்தான் அதிகம், அதில் முக்கால்வாசிப் பேர் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற குடும்பஸ்தர்கள். மற்றவர்களுக்காகச் சில ஏற்பாடுகள் வேண்டும். ராத்திரி பேக்கப் ஆனால் வீடு வரை வண்டி யார் பொறுப்பு என்று முன்கூட்டியே கேளுங்கள். வெளியூர் ஷூட் என்றால், காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு அடிக்கடி போவார்கள், அறையில் கூட யார் தங்குகிறார் என்று கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காத பயிற்சியாளருக்கும் பொருந்தும். ஷூட் நடக்கும் இடமும், வேலைக்காக அவர்கள் ஏற்பாடு செய்யும் வண்டியும் அதன்படி பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் குழுவில் உள்புகார்க் குழு இருக்காது, அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம். இது ஒரு பக்கம் இருக்கட்டும், சேருவதற்கு முன் அந்த ஸ்டைலிஸ்ட்டிடம் முன்பு வேலை செய்துவிட்டுப் போன பெண் யாரையாவது தேடிப் பிடித்து ஒரு போன் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

அம்மாவை செட்டுக்கு அழைத்து வர முடியாது. விளம்பரம் வெளியாகும் வரை வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள், வந்தால் உங்கள் பெயர்தான் கெடும். அதற்குப் பதில் ஒவ்வொரு ஷூட்டுக்கும் முதல் நாள் வருகிற கால் ஷீட்டின் இடம், நேரம், தயாரிப்பு மேலாளரின் எண் இருக்கிற பகுதியை மட்டும் அம்மாவுக்கு அனுப்பிவையுங்கள். ஆறு மணிக்குப் போனால் எத்தனை மணிக்கு முடியும் என்பதும் அதில் இருக்கும், அதோடு இரண்டு மணி நேரத்தை நீங்களாகவே கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஷாட் ஓடும்போது போன் சைலண்டில் பையின் அடியில் கிடக்கும், அதையும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் மதியத்துக்குள் இருபது மிஸ்டு கால் இருக்கும், இருபத்தொன்றாவது தயாரிப்பு மேலாளருக்குப் போயிருக்கும்.